வாய்க்கால் கரையைப் பிடித்து: பினாங்கிலிருந்து சரளைப் பாதைச் சைக்கிள் பயணம் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் வார இறுதிகளில் சைக்கிள் எடுப்பவர்களுள் பெரும்பாலோர் தீவைச் சுற்றிவரும் தார்ச்சாலையையே தேர்ந்தெடுக்கிறார்கள். லோரிகளோடும் சுற்றுலாப் பேருந்துகளோடும் அந்தச் சாலையைப் பங்கிட்டுக்கொள்ளவும் பழகிவிட்டார்கள். ஆனால் பாலிக் புலாவின் வயல்வெளியிலும், கடலுக்கு அக்கரையில் செபராங் பிறையிலும், அதற்கு வடக்கே கெடாவிலும் தெற்கே பேராக்கின் கிரியான் வட்டாரத்திலும், பாசன வாய்க்கால்களை ஒட்டிச் செம்மண்ணும் சரளையும் பரப்பிய பாதைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. மோட்டார்சைக்கிளில் வயலுக்குச் செல்லும் விவசாயியும் தூண்டில் போடுபவரும் தவிர, அவற்றில் வேறு நடமாட்டம் குறைவு. அகலமான டயர் பொருத்திய கிரேவல் சைக்கிளை வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் அந்தப் பாதைகளைத் தாமே கண்டுபிடித்து ஓட்டக் கற்றுத்தருவதே இவ்வழிகாட்டியின் நோக்கம். பிறர் வரைந்துவைத்த தடத்தைத் தரவிறக்கிக்கொண்டு அப்படியே பின்தொடர்வது இங்கே அவ்வளவாகப் பயன்படாது. ஏனெனில் சென்ற மாதம் இறுகிக் கிடந்த கரை இந்த மாதம் சேறாகியிருக்கும். எந்த வாய்க்கால், எந்தக் கரை, எந்தப் பருவம் என்ற மூன்றையும் அறிந்தவர் மட்டுமே நல்ல பாதையில் ஓட்டுவார்.

வாய்க்காலைப் படிக்கக் கற்றல்

இங்கிலாந்தின் கால்வாய்க் கரைப் பாதைகளைப் பற்றிப் படித்தவர்கள் அதே எதிர்பார்ப்போடு இங்கே வந்தால் ஏமாந்துபோவார்கள். அங்கே சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன; குதிரை நடக்க வேண்டும் என்பதால் பாதை அறுபடாமல் ஊர்விட்டு ஊர் சென்றது. நம் வட்டாரத்து வாய்க்கால்கள் படகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. பெரும்பாலும் வயலுக்கு நீர் கொண்டுசெல்ல வெட்டப்பட்டவை. கரையில் உள்ள பாதை, மதகைத் திறந்து மூடுபவருக்காகவும் தூர்வாரும் இயந்திரத்துக்காகவும் அறுவடை வண்டிக்காகவும் போடப்பட்டது. ஆகையால் அது ஒரு மதகோடு நின்றுவிடும், அல்லது சொல்லாமல் மறுகரைக்குத் தாவிவிடும், அல்லது ஒருவர் வீட்டு முற்றத்தில் போய் முடியும்.

பாசன அமைப்பு ஒழுங்கற்றது போலத் தோன்றினாலும் அதற்கென ஒரு முறை உண்டு. தலைவாய்க்கால் மேட்டு நிலத்தின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும். அதிலிருந்து கிளை வாய்க்கால்கள் கடலை நோக்கிப் பிரியும். வயலில் மிஞ்சிய நீரை வடிகால்கள் வாங்கிக்கொண்டு கடலோர மதகுகளுக்குக் கொண்டுபோகும். இவற்றுள் நீர் கொண்டுவரும் வாய்க்காலின் கரை வயலைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீர் வயலுக்குள் பாயாது. அந்த உயரத்தினாலேயே அக்கரை மழைக்குப் பின் விரைவில் உலர்கிறது, அதில் சைக்கிளும் நன்றாக ஓடுகிறது. வடிகாலோ தாழ்ந்த நிலத்தில் வெட்டப்பட்டது. அதன் ஓரம் எப்போதும் சற்று ஈரமாகவும் புல் மூடியும் இருக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலக் கோடாகத் தெரிந்தாலும், மேட்டிலிருந்து பிரியும் கோட்டை எடுங்கள், கடலோர மதகில் சேரும் கோட்டைத் தவிருங்கள். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே சேற்றில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தொல்லையில் பாதி குறைந்துவிடும்.

செபராங் பிறைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. பழங்காலக் கடற்கரை மேடுகள் இன்றைய கரைக்கு இணையாக, வடக்குத் தெற்காக வரிசையாய் நிற்கின்றன; கம்பங்கள், அதாவது கிராமங்கள், அந்த மேடுகளின்மேல் அமைந்துள்ளன, இடைப்பட்ட தாழ்நிலத்தில் நெல் விளைகிறது. பெர்மாத்தாங் என்று தொடங்கும் ஊர்கள் பெரும்பாலும் இத்தகைய மேட்டில் இருப்பவை. எனவே வடக்குத் தெற்காகச் செல்லும் பாதை நிழலும் கடைகளும் உள்ள கம்பத்துச் சாலையாகவும், கிழக்கு மேற்காகச் செல்லும் பாதை வயலைக் குறுக்கே கடக்கும் வெட்டவெளியாகவும் இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம்.

சைக்கிளும் டயரும்

சைக்கிளின் விலையைவிட டயரின் அகலமே இங்கே முக்கியம். 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர் நம் பாதைகளுக்குப் போதும். சேற்றுப் பருவத்தில் டயருக்கும் ஃபோர்க்குக்கும் இடையே இடைவெளி இல்லாவிட்டால் களிமண் அப்பிக்கொண்டு சக்கரம் சுழலாது என்பதால், சட்டகம் அனுமதிக்கும் உச்ச அகலத்தைவிட ஒரு படி குறைவான டயரைப் போடுவது நல்லது. சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை காற்று வைத்துத் தொடங்கலாம். பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கட்டும். காற்று அதிகமானால் செம்மண் பாதையில் லோரிச் சக்கரங்கள் உண்டாக்கிய அலைமேடுகள் கைகளை மரத்துப்போகச் செய்துவிடும்.

டியூப்லெஸ் முறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் செம்பனை. மட்டையின் அடிப்பகுதியில் உள்ள முட்கள் காய்ந்தபின் ஆணிபோல் இறுகிவிடுகின்றன. தோட்டத்துப் பாதையில் வெட்டிப்போட்ட மட்டைகளுக்கிடையே சாதாரண டியூபோடு ஓட்டுவது பஞ்சர் ஒட்டுவதிலேயே முடியும். ஓட்டையைத் தானே அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் நம் வெப்பத்தில் குளிர்நாடுகளைவிட விரைவாக உலர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியே பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். சீலன்ட் அடைக்க முடியாத கிழிசலுக்காக ஒரு டியூபும் பம்பும் டயர் நெம்புகோலும் பையில் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் தேவை. கியரைப் பொறுத்தவரை, வயல்வெளியில் எதுவாயினும் சரிதான். பாலிக் புலாவுக்கு ஏறி இறங்க விரும்புபவர்களுக்கு முன்பல்லும் பின்பல்லும் சம எண்ணிக்கையில் அமையும் மிக இலகுவான கியர் ஒன்றாவது வேண்டும்.

தடத்தை வரைதல்

செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வட்டாரத்தைத் திறந்து வாய்க்காலைத் தேடுங்கள். நேராக ஓடும் பச்சைநிற அல்லது பழுப்புநிற நீர்க்கோட்டின் ஓரத்தில் வெளிறிய ஆரஞ்சுக் கோடு தெரிந்தால் அது செம்மண் பாதை. சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் சல்லி கொட்டியது. பச்சையின் நடுவே இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் தெரிந்தால், டிராக்டர் எப்போதாவது போகும் புல்பாதை. அதன்பின் பாலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் சிறியதாகத் தோன்றினாலும், பாலம் இல்லாத இடத்தில் அது உங்களைப் பல கிலோமீட்டர் சுற்ற வைத்துவிடும். மதகுகளின்மேல் ஆள் நடக்கும் அளவுக்கு ஒடுங்கிய பலகையோ கான்கிரீட்டோ இருக்கும். அதைப் பாலமாகக் கணக்கில் எடுக்காதீர்கள், எடுத்தாலும் சைக்கிளை இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

வேலியும் அறிவிப்புப் பலகையும் உள்ள இடத்துக்குள் நுழையக் கூடாது. பினாங்கு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. லாஹார் தியாங்கில் எடுக்கப்படும் நீர் வாய்க்கால் வழியே சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அத்தகைய குடிநீர் வாய்க்காலையும் பாசன வாய்க்காலையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. தோட்டங்களும் தனியார் நிலங்களே. வாசலில் ஜாகா (காவலர்) இருந்தால் நின்று கேளுங்கள். மறுத்தால் வாதாடாமல் திரும்புங்கள். கம்பத்து முற்றத்தில் பாதை முடிந்துவிட்டால், இறங்கி நின்று, “அஸ்ஸலாமு அலைக்கும் பாக்சிக், போலே லாலு?” (ஐயா, இந்த வழியாகப் போகலாமா?) என்று கேட்டால், பெரும்பாலும் வழி மட்டுமல்லாமல், எந்தக் கரை இடிந்திருக்கிறது என்ற தகவலும் சேர்ந்தே கிடைக்கும். எந்த ஜிபிஎஸ் கருவியும் தராத தகவல் அது.

வயலின் நாட்காட்டி

நெல் வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம். மார்ச் ஏப்ரல் வாக்கிலும் செப்டம்பர் அக்டோபர் வாக்கிலும் நீர் விட்டு உழுது விதைக்கிறார்கள். ஜூலை ஆகஸ்ட் வாக்கிலும் ஜனவரி பிப்ரவரி வாக்கிலும் அறுவடை நடக்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் நீர் திறக்கும் முறை வேறுபடுவதால், பக்கத்துப் பக்கத்து வயல்களே சில வாரங்கள் முன்பின்னாக இருக்கும். பயிர் முழங்கால் உயரம் எழுந்து கதிர் முற்றும்வரை உள்ள காலமே சைக்கிளுக்கு ஏற்றது. அப்போது பாதையில் கனரக வண்டிகள் இல்லை, கரையும் இறுகியிருக்கும்.

உழவுக் காலத்தில் டிராக்டரின் இரும்புச் சக்கரம் கரையைக் கிழித்துப்போடும். அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரமும் நெல் ஏற்றும் லோரியும் ஒடுங்கிய பாதையை முழுவதும் அடைத்துக்கொள்ளும்; அது அவர்கள் வருமானத்துக்கான நேரம் என்பதால் ஒதுங்க வேண்டியவர் சைக்கிளோட்டிதான். அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிக்கும் இடங்களில் புகை தாழ்ந்து படியும். காலையில் மருந்து தெளிப்பவரைக் கண்டால், காற்று வீசும் திசையைப் பார்த்து மறுபக்கமாகச் செல்லுங்கள்.

மழைக்கும் தனிக் கணக்கு உண்டு. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரியும் பிப்ரவரியும் உலர்ந்தவை. செம்மண் பாதை மழைக்குப் பின் ஒரு நாளில் தேறிவிடும். வாய்க்கால் கரைக் களிமண்ணுக்கு இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும், அதற்குமுன் போனால் உங்கள் டயர்த்தடமே கரையைச் சேதப்படுத்தும்.

முதல் பயணம்: பாலிக் புலாவ்

தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடம் தீவில் இல்லை. மலைகள் கிழக்கே சுவராக நிற்க, சுங்கை புரோங்குக்கும் புலாவ் பெத்தோங்குக்கும் இடைப்பட்ட சமவெளியில் நெல்வயலும் வாய்க்காலும் ஒடுங்கிய கம்பத்துச் சாலையும் பின்னிக் கிடக்கின்றன. சைக்கிளைக் காரில் ஏற்றிவந்து ஊரில் நிறுத்திவிட்டு, 20 முதல் 25 கிலோமீட்டர் சுற்றினால் முதல் நாளுக்குப் போதும். தார், கான்கிரீட், செம்மண், புல் என்று தரை மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு தரையிலும் சைக்கிள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வேகம் குறைவாக இருக்கும்போதே அறிந்துகொள்ளலாம். சரளையில் முன்பிரேக்கை மட்டும் பிடிக்காதீர்கள். கைப்பிடியை இறுகப் பற்றாமல், எடையைச் சற்றுப் பின்னே வைத்து, சக்கரம் தன் வழியைத் தேட விடுங்கள். வளைவுகளில் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மலையேற விரும்புபவர்கள் தெலுக் பாஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாகவோ, பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டன் சாலை வழியாகவோ வரலாம். இரண்டுமே வளைவு மிகுந்த தார்ச்சாலைகள். டுரியான் காலமான ஜூன் ஜூலையில் அங்கே வாகன நெரிசல் எரிச்சலூட்டும் அளவுக்குப் பெருகும் என்பதால், விடிந்ததும் ஏறிவிடுவது நல்லது. பயணம் முடிந்து பாலிக் புலாவ் லக்சா சாப்பிடாமல் திரும்புபவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

இரண்டாம் பயணம்: படகேறி வடக்கே

பினாங்குப் பாலங்களில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த் செல்லும் படகுதான் வழி. 2023 முதல் ஓடும் புதிய படகுகள் பயணிகளோடு சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றுகின்றன. அக்கரையில் இறங்கி, நகரைக் கடந்து, தெலுக் ஆயர் தாவார் வழியாக வடக்கே போங்கள். பெனாகாவுக்கு அருகில் கடற்கரை மேடுகளும் வயல்களும் மாறி மாறி வரும். இங்கே கான்கிரீட் வாய்க்கால் சுவரில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள் பயிரைத் தின்னும் அயல்நாட்டு நத்தையினுடையவை. அந்த நத்தைகளை உண்ண வரும் நத்தைகுத்தி நாரைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். கோலா மூடாவில் மீன் ஏலம் காதோடு காதாக விலைசொல்லி நடக்கும். அதுதான் இப்பயணத்தின் திரும்பும் இடம்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். இக்கரையில் கடல் மேற்கே இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து உள்நாட்டை நோக்கி வீசும். ஆகவே காலையில் கடலோரத்தை முடித்துவிட்டு, திரும்பும்போது வயலைக் கிழக்கு நோக்கிக் கடந்தால் காற்று முதுகில் இருக்கும். வெட்டவெளியில் எதிர்காற்றோடு பத்து கிலோமீட்டர் ஓட்டுவது ஒரு மலையேற்றத்துக்குச் சமம்.

மூன்றாம் பயணம்: பூஜாங் பள்ளத்தாக்கு

நம்மவர்கள் ஒருமுறையாவது ஓட்ட வேண்டிய தடம் இது என்பது என் கருத்து. பட்டர்வொர்த்திலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயிலில் சுங்கைப் பட்டாணிக்குப் போய், அங்கிருந்து மேற்கே பழங்கால இரும்பு உருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுங்கை பத்து, செமெலிங், மெர்போக் வழியாகச் செல்லலாம். மடித்து வைக்கும் சைக்கிளாக இருந்தால் ரயிலில் சிக்கலில்லை. முழுச் சைக்கிளுக்கான விதிமுறையைப் புறப்படும் முன் நிலைய முகப்பில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள இப்பள்ளத்தாக்கு, பழங்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த வணிகக் கப்பல்கள் தங்கிய இடம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் கடாரம் இந்தக் கெடா என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். மெர்போக்கில் உள்ள அருங்காட்சியக வளாகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்காலக் கோவில்) அதன் பழைய இடத்திலேயே நிற்கிறது. வேறு இடங்களில் கிடைத்த சண்டிகளின் அடித்தளங்களும் அங்கே கொண்டுவந்து அமைக்கப்பட்டுள்ளன. கடைசி ஏற்றம் செங்குத்தானது, ஆனால் குறுகியது. கம்பங்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் சரளைக் கிளைப்பாதைகளை எடுத்துக்கொண்டால், பெருஞ்சாலையை நன்றாகவே குறைத்துவிடலாம்.

பிறகு மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள தஞ்சோங் டாவாய்க்கு இறங்கி, படகில் பந்தாய் மெர்டேக்காவுக்குக் கடக்கலாம். ஏற்றுவதற்கு முன் சைக்கிளைப் பற்றிப் படகுக்காரரிடம் பேசிக் கட்டணத்தை முடிவுசெய்துகொள்ள வேண்டும். அங்கிருந்து, 2004 ஆழிப்பேரலையில் அடிபட்ட கோத்தா கோலா மூடா வழியாக மூடா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால், இரண்டாம் பயணத்தின் பாதையோடு சேர்ந்துவிடுவீர்கள். தடத்தைப் பொறுத்து மொத்தம் 70 கிலோமீட்டர் வாக்கில் வரும். முழு நாளை ஒதுக்குங்கள்.

தெற்கே கிரியான், வடக்கே வான் மாட் சாமான்

தெற்குப் பாதைக்கு நிபோங் திபால் ரயில் நிலையம் தொடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்த் தொழிலாளர்கள் கரும்பு வெட்டிய தோட்டங்கள் பின்னர் ரப்பராகி, இப்போது செம்பனையாக நிற்கும் வட்டாரம் இது. செம்பனைக்கு நடுவே ஒரு பெரிய மரமும் சிறு கோவிலும் தென்பட்டால், அங்கே முன்பு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசை) இருந்தது என்று கொள்ளலாம். நிழலும் சில நேரம் குழாய்த் தண்ணீரும் கிடைக்கும். கிரியான் ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாருக்குப் போனால், புக்கிட் மேரா ஏரியின் நீரில் விளையும் வயல்கள் தொடங்குகின்றன. 1906-இல் முடிக்கப்பட்ட இதுவே மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம். வாய்க்கால்கள் நீளமானவை, நேரானவை. வெயிலுக்கு ஒதுங்க இடம் குறைவு. பாகான் செராயில் முடித்து ரயிலில் திரும்பலாம்.

வடக்கே, 1885-இல் தோண்டத் தொடங்கப்பட்ட வான் மாட் சாமான் வாய்க்கால் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் பக்கமாகச் சுமார் 35 கிலோமீட்டர் ஓடுகிறது. படகுப் போக்குவரத்துக்கும் பயன்பட்ட வாய்க்கால் என்பதால், பழைய இங்கிலாந்துக் கால்வாயின் சாயல் இதற்கு மட்டும் உண்டு. சில இடங்களில் பெருஞ்சாலை ஒரு கரையை ஒட்டிச் செல்லும். அங்கே மறுகரையைப் பிடியுங்கள். கோபா நிலையத்தில் இறங்கினால், ஏறத்தாழ 96,000 ஹெக்டர் நெல் விளையும் மூடா பாசனப் பகுதிக்குள் நேரடியாக நுழையலாம். ஒரே மாதிரியான வெளியில் மணிக்கணக்காக ஓட்டுவது எல்லாருக்கும் பிடிக்காது. பிடித்தவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை.

வெயில், நாய், தண்ணீர்

நம் வட்டாரத்தில் காலை ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. விடியும்போது பாதையின் தொடக்கத்தில் இருங்கள், பதினொரு மணிக்குள் வெட்டவெளியை விட்டு வெளியேறுங்கள். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, உப்புக் கலந்த பானம் ஒரு புட்டி சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கடை கண்ட இடத்தில் நிரப்புங்கள், அடுத்த கடைக்காகக் காத்திருக்காதீர்கள். தலைச்சுற்றலோடு வியர்வை நின்றுபோனால் அது வெப்பத்தாக்கின் அறிகுறி. நிழலில் படுக்கவைத்து உடலை நனைத்து 999-ஐ அழைக்க வேண்டும். வாய்க்காலில் குளிக்க இறங்காதீர்கள். வழுக்கும் கான்கிரீட் சரிவில் ஏறி வருவது நீச்சல் தெரிந்தவர்களுக்கும் கடினம், மதகருகில் நீரின் இழுப்பு மேலே தெரியாது.

நாய் துரத்தினால் வேகமெடுப்பதைவிட இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து நடப்பதே பலன் தருகிறது. எலி தேடும் நாகம் வயல்கரைப் புல்லில் இருக்கும் என்பதால், புல் உயர்ந்த இடத்தில் பார்த்து இறங்குங்கள், காலை வைக்கும் முன் சைக்கிளை உருட்டி ஓசைப்படுத்துங்கள்.

வீடு திரும்பியதும் சைக்கிளைக் கழுவுவதைத் தள்ளிப்போடக் கூடாது. செம்மண் காய்ந்தால் செயினில் அரம்போல் அராவும். கடலோர உப்பு போல்ட்டுகளை ஒரே வாரத்தில் துருப்பிடிக்கச் செய்யும். அழுத்தமில்லாத தண்ணீரில் மண்ணைக் கரைத்துவிட்டு, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சக்கரம், பெடல் ஆகியவற்றின் தாங்கிகள்மேல் (பேரிங்) பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். டயரைச் சுற்றிவரத் தடவி, உடைந்து உள்ளே நிற்கும் செம்பனை முட்களை இடுக்கியால் எடுத்துவிட்டு, சீலன்ட் ஓட்டையை அடைக்கும்வரை சக்கரத்தைச் சுழற்றிவிடுங்கள்.